ஏழு லட்சத்து ஊசியும் ஆய்வகத் தட்டில் வளரும் நரம்பும்

கேள்வி:

என் அண்ணனுக்கு 46 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுதான் தொழில். போன வருடம் மழை ஓய்ந்து வெட்டு தொடங்கியபோது வலது கையில் கத்தி நழுவ ஆரம்பித்தது. முதலில் வர்மம் பார்க்கும் ஆசானிடம் காட்டித் தடவினோம். கட்டைவிரல் பக்கத்துச் சதை வற்றி, தோள் சதை தானாகத் துடிக்கத் தொடங்கியதும் திருவனந்தபுரம் கொண்டுபோனோம். கழுத்து எம்ஆர்ஐ, இஎம்ஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து மோட்டார் நியூரான் நோய் என்று சொல்லிவிட்டார்கள். ரிலுசோல் மாத்திரை சாப்பிடுகிறார். பேச்சும் விழுங்குவதும் இப்போதைக்குப் பரவாயில்லை.

வெளிமாநிலத்துக் கிளினிக் ஒன்றின் ஏஜென்ட் ஸ்டெம் செல் ஊசி மூன்று தவணை, ஏழு லட்சம் என்கிறார். விளை நிலத்தை விற்றுவிடலாம் என்று மைனி நிற்கிறார். நோயாளியின் தோலிலிருந்தே நரம்பு செல் உண்டாக்கி ஆராய்வதாக நானும் பேப்பரில் படித்தேன். நரம்பு செல்லையே உண்டாக்க முடிகிறது என்றால் அதை அண்ணனுக்குள் வைக்க ஏன் முடியாது? அண்ணனின் தோலை அந்த ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் அவருக்கு ஏதாவது நன்மை உண்டா? இன்னொன்று, எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே மரச்சீனி (மரவள்ளி) கிழங்குதான். அதனால்தான் வந்தது என்று ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்

நரம்பியல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விளையை விற்க வேண்டாம். மைனியிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன், இரண்டு பேரும் நிதானமாக வாசியுங்கள்.

நீங்கள் பேப்பரில் படித்ததும் ஏஜென்ட் விற்பதும் ஒன்றல்ல. இப்படிப்பட்ட ஊசிகளில் பெரும்பாலும் இருப்பது இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தோ கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்த மீசன்கைமல் என்ற வகை ஸ்டெம் செல்கள். எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவையாக மாறும் திறன் அவற்றுக்கு உண்டு. தசையை அசைக்கும் தண்டுவடத்து நரம்பு செல்லாக, அதாவது மோட்டார் நியூரானாக, அவை மாறுவதில்லை. முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரில் விட்டால் பெரும்பாலானவை சில வாரங்களில் அழிந்துபோகும். "நரம்பாக மாறாவிட்டால் என்ன, நரம்பைக் காக்கும் பொருள்களைச் சுரக்குமே" என்று ஒரு வாதம் இருக்கிறது. கேலி செய்து தள்ள வேண்டிய வாதமல்ல அது. ஒழுங்காகவே சோதித்துப் பார்த்தார்கள்.

அமெரிக்காவில் நர்ஓன் என்ற பெயரில் நோயாளியின் சொந்த மஜ்ஜைச் செல்களைப் பக்குவப்படுத்தி, கிட்டத்தட்ட 200 பேரிடம் மூன்றாம் கட்டச் சோதனை நடந்தது. பாதிப் பேருக்குச் செல், மீதிப் பேருக்கு வெறும் திரவம். யாருக்கு எது போனது என்று நோயாளிக்கும் தெரியாது, பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. முடிவில் இரு தரப்புக்கும் இடையே நம்பும்படியான வித்தியாசம் வரவில்லை. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு வாக்கெடுத்தபோது, பலன் நிரூபணமாகவில்லை என்று 17 பேர் சொன்னார்கள். ஒருவர் மட்டும் மாறி வாக்களித்தார், இன்னொருவர் ஒதுங்கிக்கொண்டார். அடுத்த மாதமே அந்த நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அத்தனை கட்டுப்பாட்டோடு செய்ததே தேறாதபோது, எந்தச் செல், எத்தனை செல், எங்கே வளர்த்தது என்று எழுத்தில் தராத ஓர் ஊசிக்கு ஏழு லட்சம் கொடுப்பதில் நியாயமே இல்லை.

பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். கெடுதலும் உண்டு. பக்கவாதத்துக்காகச் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்குத் தண்டுவடத்தில் கட்டி வளர்ந்ததை 2016இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். கட்டியைச் சோதித்தால், அதிலிருந்த டிஎன்ஏ அவருடையதே அல்ல. யாரோ ஒருவரின் செல் அவர் முதுகுக்குள் பெருகிக்கொண்டிருந்தது.

சட்டப் பக்கமும் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017இல் தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று மாதிரியான ஏற்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, மற்ற நோய்களுக்கு ஸ்டெம் செல்லைப் பயன்படுத்துவதென்றால் அது அனுமதி பெற்ற மருத்துவச் சோதனையாக மட்டுமே நடக்க வேண்டும் என்கிறது அது. அப்படிப்பட்ட சோதனைக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. மோட்டார் நியூரான் நோய் ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை. ஆகவே ஏஜென்ட் விலை சொன்ன மாத்திரத்திலேயே அவர் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார்.

இனி உங்கள் கேள்வி. நரம்பு செல்லை உண்டாக்க முடிகிறது, உள்ளே வைக்க ஏன் முடியாது? மருத்துவம் படிக்கும் பிள்ளைகளே இதைக் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அண்ணனின் கட்டைவிரல் சதையை அசைக்கும் மோட்டார் நியூரானின் உடல் இருப்பது கழுத்துத் தண்டுவடத்தில். அதன் நார் தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் தாண்டி உள்ளங்கை வரை ஒரே இழையாக வருகிறது. வளர்ந்த ஆளுக்கு முக்கால் மீட்டர் அளவு இருக்கும். நரம்பு நார் திரும்ப வளரும் வேகம் நாளைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கழுத்தில் ஒரு புதுச் செல்லை வைத்து, அது வழி தவறாமல் வளர்ந்தாலும் கட்டைவிரலுக்கு வந்துசேர இரண்டு வருடம் ஆகும். நரம்புத் தொடர்பு அறுந்த சதையோ ஒன்று, ஒன்றரை வருடத்தில் கொழுப்பும் நார்த்திசுவுமாக மாறிவிடும். பிறகு நரம்பு வந்து தொட்டாலும் அது ஏற்காது. கருவில் இருக்கும்போது இந்தத் தூரம் சில மில்லிமீட்டர்தான், வழிகாட்டும் ரசாயனச் சமிக்ஞைகளும் அப்போது இருக்கும். 46 வயது உடம்பில் இரண்டும் இல்லை.

அது மட்டுமல்ல. புதுச் செல்லுக்கு மேலே மூளையிலிருந்து கட்டளை வர வேண்டும். இந்த நோயில் மூளையிலிருந்து இறங்கும் மேல்நிலை நரம்புகளும் சேர்ந்தே கெடுகின்றன. அண்ணனின் கை வற்றியிருக்கும்போதே, டாக்டர் சுத்தியலால் தட்டினால் அதே கை வெடுக்கென்று துள்ளியிருக்கும், நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. மேலும் கீழும் ஒருசேரக் கெட்டதன் அடையாளம் அது. கடைசியாக ஒன்று: பழைய செல்களைக் கெடுத்த சூழல் அங்கேயே இருக்கிறது. புதிதாக வைத்ததை மட்டும் சும்மா விடுமா? இதற்கு ஆய்வகமே பதில் சொல்லியிருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அப்படியானால் தோலிலிருந்து நரம்பு செல் உண்டாக்குவது எதற்கு? நோய் நடக்கும்போதே அதைப் பார்ப்பதற்கு.

கல்லீரலில் நோய் என்றால் ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். உயிரோடு இருப்பவரின் தண்டுவடத்திலிருந்து மோட்டார் நியூரானை அப்படி எடுக்க முடியாது. 1869இல் பாரிசில் ஷார்கோ இந்த நோயை விவரித்த காலத்திலிருந்து, நமக்குக் கிடைத்ததெல்லாம் இறந்தவர்களின் தண்டுவடம்தான். அதில் செல்கள் போய் வெற்றிடம் தெரியும். எப்படிப் போயின என்று தெரியாது. 1993இல் எஸ்ஓடி1 என்ற மரபணுக் கோளாறு தெரியவந்த பிறகு, அந்தக் கோளாற்றைச் செலுத்திய எலிகளை வைத்து மருந்து தேடினார்கள். எலியைக் காப்பாற்றிய மருந்துகள் வரிசையாக மனிதரிடம் தோற்றன.

ஜப்பானின் கியோட்டோவில் ஷின்யா யாமனாகா 2006இல் எலிச் செல்லிலும் 2007இல் மனிதச் செல்லிலும் ஒன்றைச் செய்துகாட்டினார். நான்கு மரபணுக்களைச் செலுத்தினால், முதிர்ந்த தோல் செல் தன் வேலையை விட்டுவிட்டுக் கருநிலைக்குத் திரும்பி ஒரு வகை ஸ்டெம் செல் ஆகிறது. அங்கிருந்து இதயச் செல், நரம்புச் செல் என்று எந்தத் திசையிலும் வளர்க்கலாம். 2012இல் ஜான் கர்டனோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 2008இல், ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் எஸ்ஓடி1 கோளாறு கொண்ட 82 வயது நோயாளி ஒருவரின் தோலிலிருந்து மோட்டார் நியூரானை வளர்த்துவிட்டார்கள். ஒரு நோயாளியின் உயிருள்ள மோட்டார் நியூரான், அவரைத் தொந்தரவு செய்யாமல், கண்முன்னே ஒரு தட்டில்.

வேலை நடக்கும் விதம் இதுதான். முன்கையிலிருந்து மூன்று நான்கு மில்லிமீட்டர் தோல் துண்டு எடுப்பார்கள், பல இடங்களில் இப்போது கொஞ்சம் ரத்தமே போதும். அதைக் கருநிலைக்குத் திருப்பச் சில வாரங்கள், ஒரே சீராக வளர்கிறதா என்று சோதிக்க மேலும் வாரங்கள், அதிலிருந்து மோட்டார் நியூரான் ஆக்க இன்னும் சில வாரங்கள். தினமும் திரவம் மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான். கடைசியில் நுண்ணோக்கியின் கீழே உடலும் நீண்ட இழையுமாக நியூரான் தெரியும். முனை ஒரு மைக்ரான் அளவே உள்ள கண்ணாடிக் குழாயை மெல்ல இறக்கி, செல்லின் மேல்தோலில் ஒட்டவைத்து, லேசாக உறிஞ்சி அடைப்பார்கள். கொஞ்சம் அழுத்தினால் செல் உடையும், தளர்ந்தால் மின்சாரம் கசியும். சரியாக ஒட்டினால் அந்த ஒற்றைச் செல்லின் மின்துடிப்பு திரையில் ஊசி ஊசியாக எழும்பும். சிறிது மின்சாரம் செலுத்தி, எத்தனை முறை அது துடித்துப் பதில் சொல்கிறது என்று எண்ணுவார்கள்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகக் குழுவினர் 2015இல் வெளியிட்ட முடிவு என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது. டிடிபி-43 என்ற புரதத்துக்கான மரபணுவிலோ சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுவிலோ கோளாறு உள்ள நோயாளிகளின் செல்களை வாரக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்தார்கள். தொடக்க வாரங்களில் நோயாளியின் நியூரான் அளவுக்கு மீறித் துடித்தது. போகப் போகத் துடிப்பு குறைந்து, சில செல்கள் எவ்வளவு தூண்டினாலும் பதில் சொல்லாமல் போயின. செத்துவிட்டனவா என்று பார்த்தால் இல்லை. ஆரோக்கியமானவரின் செல்கள் எந்த அளவுக்கு உயிரோடு இருந்தனவோ, அதே அளவு இவையும் உயிரோடு இருந்தன. உங்கள் அண்ணனுக்குச் சொன்னால் உடனே புரியும்: பட்டை மரத்துப்போன ரப்பர் மரம் இலையும் கிளையுமாகப் பச்சையாகத்தான் நிற்கும், கத்தி வைத்தால் சிரட்டைக்குப் பால் இறங்காது.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், நாங்கள் படித்த காலத்தில் இந்த நோய் என்றாலே செல் சாவு என்றுதான் பாடம். செத்த செல்லுக்கு மருந்து கிடையாது. செயலிழந்தும் உயிரோடு இருக்கும் ஒரு கட்டம் உண்டென்றால், அந்த இடைவெளிக்குள் மருந்து நுழைய வழி இருக்கிறது. தட்டில் நடப்பது அப்படியே உடம்புக்குள்ளும் நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆனால் எதைத் தேட வேண்டும் என்பது மாறிவிட்டது.

பிறகு இந்தத் தட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நியூரானுக்குப் பக்கத்திலிருந்து ஊட்டம் கொடுக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் இருக்கின்றன. நோயாளியின் ஆஸ்ட்ரோசைட்டுகளோடு நல்ல நியூரானைச் சேர்த்து வளர்த்தால், அந்த நல்ல நியூரானும் துடிப்பை இழக்கிறது. புதிதாக வைத்ததைச் சும்மா விடுமா என்று மேலே கேட்டேனே, பதில் இதுதான். இன்னொரு பக்கம், அந்த நீண்ட இழைக்குள் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒழுங்காகப் போய்ச் சேருவதில்லை என்று காட்டினார்கள். அதே நோயாளியின் செல்லில் கிரிஸ்பர் முறையால் மரபணுக் கோளாற்றை மட்டும் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அப்போது எது நோய், எது அந்த ஆளின் இயல்பு என்று பிரித்துப் பார்க்க முடிந்தது.

உங்கள் அண்ணனுக்கு நெருக்கமானது டிடிபி-43 சமாசாரம். குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் தனியாக வருபவர்கள் சுமார் 90 சதவீதம். அண்ணனும் அந்தக் கூட்டத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். மரபணுக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும், பத்தில் ஒன்பதுக்கும் மேலான நோயாளிகளின் நியூரான்களில் டிடிபி-43 என்ற புரதம் உட்கருவை விட்டு வெளியேறிக் கட்டியாகச் சேர்கிறது. இது 2006இல் தெரிந்தது. அது வெளியேறினால் என்ன கெடும் என்பதை, ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நியூரான்களை வைத்து 2019இல் காட்டினார்கள். நரம்பு இழை வளரவும் பழுதுபார்த்துக்கொள்ளவும் தேவையான ஸ்டாத்மின்-2 என்ற புரதத்தின் உற்பத்தி விழுந்துவிடுகிறது. அதை மீட்கும் வழியை இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மருந்து ஏதாவது வந்ததா என்று கேட்பீர்கள். வழி வந்திருக்கிறது, மருந்து இன்னும் வரவில்லை. தட்டில் மிகையாகத் துடித்த நியூரானை எஸோகாபைன் என்ற வலிப்பு மருந்து அடக்கியது. 65 நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது அவர்களின் நரம்பு மிகைத் துடிப்பும் குறைந்தது. தட்டில் கண்டது மனிதரிடமும் தெரிந்தது என்ற வகையில் அது முக்கியம், ஆனால் ஆயுள் நீளுமா என்று பார்க்கும் சோதனை அல்ல அது. தோலிலும் விழித்திரையிலும் நிறம் படியவைக்கும் அந்த மருந்து 2017இல் சந்தையைவிட்டே போய்விட்டது. ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய மருந்துகளை நோயாளிகளின் நியூரான் மேல் ஊற்றிப் பார்த்து, பார்க்கின்சன் நோய்க்குத் தரும் ரோபினிரோலைத் தேர்ந்தெடுத்தார்கள். 20 பேரிடம் நடந்த சோதனை முடிவு 2023இல் வந்தது, நம்பிக்கை தருகிறது, ஆனால் 20 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இதை எழுதவே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் ரோபினிரோல் நம்மூர் மருந்துக் கடையிலும் கிடைக்கும். தயவுசெய்து நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். சரிவில் நிற்கும் ரப்பர் விளையில் கை பலமில்லாத ஆள் தலைசுற்றி விழுந்தால் என்ன ஆகும்?

இந்த ஆராய்ச்சிக்கும் எல்லை உண்டு. கருநிலைக்குத் திருப்பும்போது செல்லின் வயதும் அழிந்துவிடுகிறது. 46 வருடம் உழைத்த நியூரானைத் தட்டில் இருக்கும் சில வார நியூரான் எவ்வளவு தூரம் காட்டும் என்பது இன்னும் தீராத சிக்கல்.

கிழங்குக்கு வருவோம். மரச்சீனியால் இது வரவில்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆப்பிரிக்காவில் காங்கோ, மொசாம்பிக், தான்சானியா பகுதிகளில் கோன்ஸோ என்றொரு நோய் உண்டு. வறட்சியிலும் போரிலும் வேறு சாப்பாடு இல்லாமல், கசப்பு மரச்சீனியைச் சரியாக ஊறவைக்காமல் வாரக்கணக்கில் தின்றால், அதிலுள்ள சயனைடு மேல்நிலை மோட்டார் நரம்புகளைக் கெடுக்கும். ஆனால் கோன்ஸோவில் இரண்டு கால்களும் திடீரென விறைக்கும், அப்புறம் மேலே ஏறாமல் அப்படியே நிற்கும். ஒரு கையில் தொடங்கி, சதை வற்றி, மெல்லப் பரவுவது அதன் குணமல்ல. நம் வீடுகளில் கிழங்கைத் தோலுரித்து, வெட்டி, வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிக் களைந்துவிட்டு, கூடவே மீன்குழம்பும் வைத்துச் சாப்பிடுகிறோம். புரதம் சேர்ந்தால் சயனைடை உடம்பே முறித்துவிடும். ஆகவே கிழங்கைக் கொடுங்கள். அண்ணனுக்கு எடை குறையக் கூடாது என்பதுதான் இப்போது முக்கியம்.

நெட்டில் தேடினால் மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய் என்று ஒன்றும் கண்ணில் படும். தென்னிந்தியாவில்தான் அதை முதலில் விவரித்தார்கள். இளவயதில் வரும், காது கேட்காமல் போகும், முகமும் தொண்டையும் தளரும், மிக மெதுவாக நகரும். நீங்கள் எழுதியிருப்பதில் அதன் சாயல் இல்லை.

வர்ம ஆசானிடம் போனதைப் பற்றிக் குற்றவுணர்வு வேண்டாம். மிதமாகத் தடவுவதில் தவறில்லை, விறைப்புக்கு இதமாகவும் இருக்கும். முறுக்கி இழுப்பதும், பலம் வரட்டும் என்று அண்ணனைக் களைக்கக் களைக்கப் பயிற்சி செய்ய வைப்பதும் வேண்டாம். பற்பம், செந்தூரம் எதுவும் கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரிலுசோல் கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மாத்திரை. முதல் மூன்று மாதம் மாதாமாதம் எல்எஃப்டி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், பிறகு இடைவெளி விட்டுப் பார்க்கலாம். 1995இல் அனுமதி பெற்ற அந்த மாத்திரை ஆயுளைச் சராசரியாக இரண்டு மூன்று மாதம் நீட்டும், அவ்வளவுதான். அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது மூச்சு. இங்கிலாந்தின் நியூகாஸ்டிலில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், மூச்சுத் தசை தளரத் தொடங்கியவர்களுக்கு முகமூடி வைத்துக் காற்றுத் தள்ளும் கருவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். தொண்டைத் தசை ஓரளவு நன்றாக இருந்தவர்களுக்கு அது ஏறத்தாழ ஏழு மாதம் ஆயுளைக் கூட்டியது, தூக்கமும் அன்றாட வாழ்வும் மேம்பட்டன. ரிலுசோலைவிட அதிகம், ஸ்டெம் செல் ஊசி காட்டாத பலன். நாம் பைபாப் என்று சொல்வது இதைத்தான். விலை அந்த ஏழு லட்சத்தில் ஒரு சிறு பங்கு. அண்ணனுக்குக் காலையில் எழுந்ததும் தலைவலி, மல்லாந்து படுத்தால் மூச்சுமுட்டல், இரவில் அடிக்கடி விழிப்பு, பகலில் தூங்கி வழிதல் இருக்கிறதா என்று மைனியிடம் கேளுங்கள். ஆண்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும். இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊதிப் பார்ப்பது நல்லது.

விழுங்குவது இப்போது பரவாயில்லை என்கிறீர்கள், நல்லது. தண்ணீர் குடிக்கும்போது இருமல் வரத் தொடங்கினால் அதுதான் முதல் அறிகுறி. அப்போது தண்ணியான கஞ்சியைவிடக் குழைந்த கஞ்சி, மசித்த கிழங்கு, முள் நீக்கிய மீன் பாதுகாப்பு. வயிற்றுக்குழாய் வைக்கும் யோசனை வந்தால், மூச்சு நன்றாக இருக்கும்போதே வைத்துக்கொள்வதுதான் சரி. தள்ளிப்போட்டால் வைப்பதே ஆபத்தாகும்.

விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி வெட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். மணிக்கட்டுக்கு ஒரு தாங்கி போட்டால் பிடிமானம் இன்னும் கொஞ்ச காலம் நிற்கும், ஷீட் அடிக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது பார்க்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வரும், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள், நடக்க முடியும்போது போய்வருவது சுலபம்.

கடைசியாக, தோலைக் கொடுக்கும் கேள்வி. அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை: எஸ்ஓடி1 உள்ளிட்ட மரபணுக்களைப் பார்ப்பது. எஸ்ஓடி1 கோளாறு இருப்பவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான். ஆனால் இருந்தால், அதற்கென்றே டோஃபர்சன் என்ற மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. விலையும் இங்கே கிடைப்பதும் பெரிய தலைவலி என்றாலும், கேட்டுப் பார்க்கவாவது முடியும். பிள்ளைகளுக்கு வருமா என்ற கவலைக்கும் அந்த அறிக்கைதான் பதில் சொல்லும்.

ஆராய்ச்சிக்குக் கொடுப்பது நல்ல காரியம். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல்லை உருவாக்கி ஆராயும் வசதி நம் நாட்டிலேயே இருக்கிறது. பெங்களூருவில் நிம்ஹான்ஸ், என்சிபிஎஸ், இன்ஸ்டெம் மூன்றும் சேர்ந்து மனநோய் உள்ள குடும்பங்களில் அந்த வேலையைச் செய்திருக்கின்றன. மோட்டார் நியூரான் நோய்க்கு எங்கே மாதிரி சேர்க்கிறார்கள் என்று அண்ணனைப் பார்க்கும் நரம்பியல் துறையிலேயே கேளுங்கள். ஒப்புதல் படிவத்தை மலையாளத்தில் நீட்டினால் தமிழில் கேட்டு வாங்கி, முழுக்க வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை, அவர்களும் விலையாக எதுவும் தர மாட்டார்கள். அண்ணனுக்கு அதனால் மருந்தோ பலனோ வரும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தத் தட்டிலிருந்து ஏதாவது வருவதற்குப் பல வருடங்கள் ஆகும். இதை அண்ணனிடமும் இப்படியே சொல்லுங்கள், முடிவு அவருடையது.

ஏஜென்ட் மறுபடி போன் செய்தால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், அதாவது சிடிஆர்ஐயில், இதன் பதிவு எண் என்ன? மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதிக் கடிதம் எங்கே? சோதனை என்றால் எங்களிடம் ஏன் காசு? எண் மட்டும் கொடுத்தால் நம்பிவிடாதீர்கள், பதிவு என்பது அனுமதி அல்ல. எண்ணை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அண்ணனின் கடைசி எல்எஃப்டி அறிக்கையையும், மூச்சுப் பரிசோதனை எடுத்திருந்தால் அந்தத் தாளையும் கூடவே அனுப்புங்கள்.